கோப்பு இறங்கிய தேதி

சேக் பரீது கை வைத்த கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் பண்ணாது என்று திண்டுக்கல்லில் ஒரு பேச்சு உண்டு. பேகம்பூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவன் கடை. தோல் மண்டிக்காரர்கள், மொத்த மளிகைக்காரர்கள், ஒரு பல் டாக்டர் என்று அவனை நம்பிச் சில பேர் இருந்தார்கள். அவர்களில் பெரிய இடம் டாக்டர் முருகேசனின் ஸ்கேன் சென்டர்.

ஸ்கேன் படம் எடுப்பது மட்டும்தான் திண்டுக்கல்லில். அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் சென்னையில் இருந்தார். அவர் எழுதியது முதலில் கிளவுடுக்குப் போய், அங்கிருந்து சென்டர் கம்ப்யூட்டரில் தானாக வந்து இறங்கும். முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் சுகன்யா நோயாளியின் பெயரைத் தட்டுவாள். மேலே நிற்கும் கோப்பைத் திறந்து பிரிண்ட் கொடுப்பாள். சென்டர் பெயர், நோயாளி பெயர், தேதி எல்லாம் அடங்கிய தலைப்பை பரீது எழுதிக் கொடுத்த ஒரு சின்ன புரோகிராம் அதன் மேல் சேர்த்துவிடும். தேதியை அது கோப்பின் மேல் குத்தியிருக்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அது சுலபமான வழி. வேறு வழி தேட அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

ஆரம்பத்தில் சென்னை டாக்டர் வைத்த தேதியோடுதான் கோப்புகள் வந்தன. ஆனால் அவருடைய லேப்டாப் கடிகாரம் பின்தங்கி ஓடியது. இன்றைக்கு எடுத்த ஸ்கேனுக்குப் போன வாரத் தேதி போட்டு வந்தால் நோயாளிகள் சும்மா விடுவார்களா? சுகன்யாதான் திட்டு வாங்கினாள். பரீது வந்து பார்த்து, கோப்பின் பழைய தேதியை அப்படியே காப்பாற்றச் சொல்லும் இடத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டான். அதன்பின் கோப்பு திண்டுக்கல்லில் இறங்குகிற நேரமே அதன் நேரமானது. ரிப்போர்ட் எழுதிய கையோடு இறங்கிவிடுவதால் தேதி பிசகவே இல்லை. முருகேசன் கூப்பிட்டுத் தோளில் தட்டினார்.

இப்படியே காலம் ஓடியது. மாங்காய்ப் பருவம் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

பரீது புது டிஸ்க்கோடு வந்து சேர்ந்தபோது முன்கூடம் நிறைந்திருந்தது. கீழே உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கிளவுடில் எல்லாம் பத்திரமாக இருந்தது. மறுபடி இறக்க வேண்டியதுதான் பாக்கி. பல வருஷத்து ரிப்போர்ட்டுகள் இறங்கி முடியும்வரை இத்தனை ஜனமும் காத்திருக்க வேண்டாமே என்று, புதிய கோப்புகள் முதலில் இறங்கும்படி மாற்றி வைத்தான்.

அவன் மேசைக்கு அடியில் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் குனிந்து பார்த்தார்.

"செத்த நேரத்துல ஆயிருமா அப்பு? நத்தத்துக்குப் போகணும். தோப்புல ஆள் இல்ல. நான் ஒரு எட்டு நகந்தா போதும், குரங்கு வந்து அம்புட்டையும் கடிச்சுப் போட்டுரும்."

"ஆயிரும் ஐயா. இந்தா இறங்கிக்கிட்டு இருக்கு."

"முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல."

அவர் பெயர் கண்ணுசாமி. கூட வந்திருந்தது மகள் தமிழ்மதி. நத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் இதே சென்டரில் ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு புடைப்பு இருப்பது தெரிந்ததாம். வருஷம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தார்களாம். அதையெல்லாம் கண்ணுசாமியே சொன்னார். பேச்சுக்கு நடுவே முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பிற்பகலில் சுகன்யா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கண்ணுசாமியின் முறை வந்தது. அவள் பிரிண்டை எடுத்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"போன தடவ மாதிரியேதான்யா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. டாக்டர்ட்ட காட்டிட்டு தைரியமா ஊருக்குப் போங்க."

அப்பாவும் மகளும் வெளியேறியதை பரீது பார்த்தான். போகிறபோது கண்ணுசாமி அவனிடம், "வாரேன் அப்பு" என்றார்.

கிளம்புமுன் பரீது கோப்புகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று சரிபார்த்தான். ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் தேதி இருந்த பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி. எந்த வருஷத்து ரிப்போர்ட்டாக இருந்தாலும் அன்றைய செவ்வாய்க்கிழமை. அவனுக்கு அது உறுத்தியது. திருத்துவது பெரிய வேலையில்லை. கிளவுடில் சரியான தேதிகள் இருந்தன, அவற்றை இழுத்து மேலே வைத்தால் போதும். அந்த நேரம் பார்த்துத் தோல் மண்டியிலிருந்து போன் வந்தது, பில் போடும் மெஷின் நின்றுவிட்டது என்று. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் அது அவன் நினைவிலேயே இல்லை.

அடுத்த வாரம் முருகேசன் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"பரீது, உடனே வா. யார்கிட்டயும் ஒண்ணும் பேசிக்காத."

சென்டர் வாசலில் ஒரு பூந்தொட்டி உடைந்து மண் சிதறிக் கிடந்தது. முன்மேசையில் சுகன்யா இல்லை. முருகேசன் தன் அறைக்கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

கண்ணுசாமி இறந்துவிட்டார். சனிக்கிழமை காலை தோப்பில் கவட்டையில் கல் வைத்துக் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மதுரைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ரத்தக்குழாய் வெடித்து வயிறெல்லாம் ரத்தம். ஆபரேஷன் மேசைக்கு ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. 'இவ்வளவு பெரிய வீக்கம் நாலு நாள்ல வராது, உங்க ரிப்போர்ட்ல சின்னதுன்னு எப்படிப் போட்டான்' என்று அங்கிருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். அடக்கம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள்.

"இதப் பாரு" என்று முருகேசன் திரையைத் திருப்பினார். கண்ணுசாமி பெயரில் இரண்டு கோப்புகள். மேலே இருந்ததை அவர் திறந்தார். போன வருஷத்து ரிப்போர்ட். கீழே இருந்ததைத் திறந்தார். முதல் வரியிலேயே சென்னை டாக்டர் 'அவசரம்' என்று எழுதியிருந்தார். வீக்கம் இரண்டு மடங்காகியிருக்கிறது, சுவர் மெலிந்திருக்கிறது, இன்றைக்கே அறுவை டாக்டரிடம் அனுப்பவும்.

"அந்தப் பொண்ணு பழசை எடுத்துக் குடுத்துருச்சு. கவனமில்லாத கழுதை. அவங்ககிட்ட அதத்தான் சொன்னேன். அவளை வேலைய விட்டு நிறுத்திட்டேன்னும் சொல்லிட்டேன். இப்ப நாகல்நகர்ல அவ வீட்டு முன்னால போயி நிக்கிறாங்களாம்."

பரீது குனிந்து திரையைப் பார்த்தான். இரண்டு கோப்புகளுக்கும் ஒரே தேதி. நேரம் மட்டும் வேறு. புதிய ரிப்போர்ட் மதியத்துக்கு முன் இறங்கியிருந்தது; பழையது மதியத்துக்குப் பின். புதியவை முதலில் இறங்கட்டும் என்று வைத்தது அவன்தான். அதனால் பழையவை எல்லாம் பின்னால் இறங்கின. பின்னால் இறங்கியதைக் கம்ப்யூட்டர் புதியது என்று எடுத்துக்கொண்டு மேலே நிறுத்தியது. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. போதாததற்கு, அவனுடைய புரோகிராம் அந்தப் பழைய ரிப்போர்ட்டின் நெற்றியில் செவ்வாய்க்கிழமைத் தேதியை அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. சுகன்யா இல்லை, யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். வைத்தியம் பார்த்த டாக்டரும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் வலி மாத்திரை எழுதி அனுப்பியிருப்பார்.

"சார், சுகன்யா மேல தப்பில்ல" என்றான். "தேதி தப்பா விழுந்திருக்கு. என் வேலைல வந்த தப்பு."

அவன் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தான். முருகேசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத என்கிட்ட சொன்னதோட விட்டுரு. தேதிய எல்லாம் பழையபடி சரி பண்ணிட்டுப் போ. நாளைக்கு யாராச்சும் வந்து கம்ப்யூட்டரைப் பாத்தா, பழசு பழசாத்தான் இருக்கணும்."

"அப்பறம் சுகன்யா?"

"சின்னப் பொண்ணு. வேற எங்கயாவது வேலைக்குப் போயிரும். நீயும் நானும் அப்படியா?" அவர் எழுந்து ஜன்னலண்டை போனார். "சென்னை டாக்டர் அன்னைக்கு எனக்குப் போன் பண்ணியிருக்காரு. நான் பழனில ஒரு கல்யாணத்துல இருந்தேன். மேளச் சத்தத்துல எடுக்கல. அப்பறம் கூப்பிடலாம்னு இருந்துட்டேன். அதையெல்லாம் போயி ஊருக்குள்ள சொல்லிட்டிருக்க முடியுமா?"

பரீது முன்மேசையில் போய் உட்கார்ந்தான். தேதிகளைத் திருத்தத்தான் வேண்டும். இன்றைக்கும் நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். விசையை அழுத்தப் போனபோதுதான் அவனுக்கு வேறொன்று உறைத்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் ரிப்போர்ட் வாங்கியது கண்ணுசாமி மட்டுமில்லையே.

முதன்முறை வந்தவர்களுக்கு ஆபத்தில்லை. அவர்கள் பெயரில் ஒரே கோப்புதான். முன்பே ஒருமுறை வந்து போனவர்களைத் தேடினான். கண்ணுசாமி தவிர மூன்று பெயர்கள் அகப்பட்டன. இரண்டு பேருக்குப் பழைய ரிப்போர்ட்டுக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது கண்ணம்மாள், ஊர் நெய்க்காரப்பட்டி. பழைய ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தில் கல் இருந்து கரைந்துவிட்டது என்றிருந்தது. புதியதில் அதே சிறுநீரகத்தில் ஒரு கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், உடனே மேல்பரிசோதனை தேவை என்றிருந்தது.

திரையில் தெரிந்ததையெல்லாம் முதலில் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். பிறகுதான் தேதிகளைத் திருத்தினான். அதற்குப் பிறகு முருகேசனிடம் போனான்.

"சார், நெய்க்காரப்பட்டி அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லணும்."

"பாத்துப் பக்குவமாச் சொல்லிக்கலாம். ரெண்டு நாள் போகட்டும். இப்பச் சொன்னா ரெண்டையும் முடிச்சுப் போடுவாங்க."

"ரெண்டு நாள்ல என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது சார்."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

பரீது வெளியே வந்து, படிக்கட்டு ஓரத்தில் நின்று, சென்டரில் பதிந்திருந்த நம்பரைத் தன் போனிலிருந்தே கூப்பிட்டான். கண்ணம்மாளின் மகன் விக்னேஷ்குமார் எடுத்தான். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, யாருங்க?"

"திண்டுக்கல் ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் பாக்குறவன். உங்கம்மாவுக்குக் குடுத்தது போன வருஷத்து ரிப்போர்ட். எங்க தப்பால மாறிப்போச்சு. புதுசு என் கையில இருக்கு. அதுல ஒரு கட்டி இருக்குன்னு போட்டிருக்கு. உடனே ஒரு டாக்டரைப் பாருங்க."

டிராக்டர் நின்றது.

"ஏனுங்க, ஒண்ணுமில்லைன்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஆமா."

"அம்மா அந்தச் சந்தோசத்துல பழனி போயி முடி எறக்கிட்டு வந்துட்டாங்க. வீடு வீடாப் பஞ்சாமிர்தம் குடுத்துட்டிருக்கறாங்க. இதை நான் எப்படிங்க அவங்ககிட்டப் போயிச் சொல்லுவேன்?"

பரீது ரிப்போர்ட்டை அந்த நம்பருக்கு அனுப்பினான். அது போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கம் படித்துவிட்டார்கள் என்று தெரியும்வரை அந்தப் படிக்கட்டிலேயே நின்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி பாஸிலாவிடம் சொன்னான். அவள் மீனை அலசிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து கேட்டாள்.

"டாக்டரே சரி பண்ணிட்டுப் போன்னு சொல்லிட்டாருல்ல. அப்பறம் என்ன?"

"அந்தப் புள்ளை வீட்டு வாசல்ல ஆளுக நிக்கிறாங்க பாஸிலா."

"நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. உங்களை போலீஸ் கூட்டிட்டுப் போனா நான் ருக்ஸாரை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? அல்லாவுக்காகக் கேக்குறேன், வாயத் திறக்காதீங்க."

ருக்ஸார் அவர்கள் மகள். உள்ளே சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பரீது எழுந்தான். பாஸிலாவுக்கு அவனைத் தெரியும். மறுநாள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, எங்கே என்று அவள் கேட்கவில்லை. வாசல்வரை வரவும் இல்லை.

நத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் இரண்டுமுறை இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

கண்ணுசாமியின் வீடு தோப்பை ஒட்டி இருந்தது. வாசலில் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் இன்னும் அடுக்கியபடியே இருந்தன. ஆண்கள் யாரும் இல்லை. எல்லோரும் சுகன்யா விஷயமாகத் திண்டுக்கல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். தமிழ்மதி வெளியே வந்தாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

"நீங்க அன்னைக்கு மேசைக்குக் கீழ வேலை பாத்தவங்கதானே? உக்காருங்க அண்ணே."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். டீச்சர் என்பதால் புரியும் என்று நினைத்தான். ஆனால் அவனுக்குத்தான் வார்த்தை கூடவில்லை. கிளவுட், தேதி, வரிசை என்று குழறினான். அவள் குறுக்கே நிறுத்தினாள்.

"எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லுங்க."

"ஒரு கோப்பு எப்ப எழுதுனதோ அதுதான் அதோட தேதி. நான் அதை அழிச்சிட்டு, எப்ப வந்து சேந்ததோ அந்தத் தேதியப் போட வச்சிருந்தேன். அன்னைக்குப் பழசு புதுசு எல்லாமே ஒரே நாள்ல வந்து சேந்துச்சு. பழசு கடைசியா வந்ததால புதுசுன்னு ஆயிருச்சு. அந்தப் புள்ளை சுகன்யா கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். அதுமேல தப்பே கிடையாது."

"அப்ப உண்மையான ரிப்போர்ட்டு?"

"நீங்க உக்காந்திருந்தப்பவே வந்திருச்சு. அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு."

தமிழ்மதி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"அது கைக்கு வந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரா?"

பொய் சொல்லலாம் என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தோன்றியது. முடியவில்லை.

"பொழச்சிருக்கலாம்."

"தேதி எல்லாம் ஒண்ணு போல இருக்குன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுச்சு. நாளைக்குப் பாக்கலாம்னு போயிட்டேன்."

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இப்பச் சொன்னீங்கள்ல, அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. எங்க சித்தப்பா வர்றதுக்குள்ள போயிருங்க. அவர் வந்தா உங்களை என்னால காப்பாத்த முடியாது."

அவன் எழுதினான். முருகேசனுக்கு வந்த போனைப் பற்றியும் எழுதினான். எடுத்த படங்களை அவளுக்கு அனுப்பி வைத்தான். அவள் தாளை வாங்கி முழுதும் படித்தாள்.

"நீங்க நல்ல மனுசன்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க" என்றாள்.

அந்தத் தாள்தான் புகாரோடு போனது. போலீசார் பரீதைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முருகேசன், எல்லாம் கம்ப்யூட்டர்காரன் செய்த குளறுபடி, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வந்த போனைப் பற்றிக் கேட்டபோது அவருடைய வக்கீல் பேசினார். சென்டர் கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, பிறகு திறந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மண்டிக்காரர்கள் பரீதிடம் சண்டைக்கு வரவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பாஸிலா அவனுக்குச் சோறு போட்டாள். முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது.

நெய்க்காரப்பட்டியிலிருந்து விக்னேஷ்குமார் ஒருமுறை கூப்பிட்டான். கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள், பரவியிருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியுமாம். நன்றி என்றும் சொல்லவில்லை, வையவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

சுகன்யாவைப் பார்க்க பரீது நாகல்நகர் போனான். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, யாரென்று தெரிந்தபின் உள்ளே விட்டாள். சுகன்யா மெலிந்திருந்தாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே போகப் போவதாகச் சொன்னாள்.

"மில்லுக்கு எதுக்கும்மா? உன்மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற ஸ்கேன் சென்டர்லயே கிடைக்கும். நானே கேட்டுப் பாக்குறேன்."

"வேணாண்ணே."

"தேதி தப்பா இருந்துச்சு சுகன்யா. யாரா இருந்தாலும் அதத்தான் எடுத்திருப்பாங்க."

"நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது. அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன்." அவள் தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "ஆனா அவரு வலில முகத்தைச் சுளிச்சுக்கிட்டு நின்னாருண்ணே. நான்தான் சிரிச்சுக்கிட்டே, தைரியமாப் போங்கன்னு சொன்னேன். அதை எந்தக் கம்ப்யூட்டரும் என்னைச் சொல்லச் சொல்லல."

பரீது எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த திங்கட்கிழமை காலை மில் பஸ் வந்தது. அவள் அதில் ஏறிப் போனாள்.